வட்டுக்கோட்டைச் செமினரியும் யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்வியும்

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வி பரவியமைக்கு மிஷனரிமாரின் தொண்டினையே காரணமாகக் கூறும் மரபொன்று நம்மிடையே வேரூன்றியுள்ளது. அம்மிஷனரிமாருள் ஒரு சாராரே அக்கல்வியை நிறுத்தினர் என்பதை அம்மரபு பெரிதும் பேசுவதில்லை.

1816இல் இங்கு வந்த அமெரிக்க மிஷனரிமார், சுதேச போதகர்களையும் ஆசிரியர்களையும் உருவாக்கும் நோக்குடன் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினர். ஆங்கிலத்துடன் தமிழும் கணிதமும் வானியலும் அங்கு கற்பிக்கப்பட்டன. 1833இல் கோல்புறூக் சீர்திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தபின் நிலைமை மாறிற்று. ஆங்கிலமறிந்த சுதேசிகளுக்கு அரசாங்க உத்தியோகம் திறந்துவிடப்பட்டது. ஆறுகளற்ற, கிணற்றுநீரை நம்பிய, தலைமுறைதோறும் துண்டாடப்பட்ட சிறு காணிகளையுடைய குடாநாட்டில் மாதச் சம்பளத்தின் கவர்ச்சியை விளக்க வேண்டியதில்லை. போதகராவர் என எதிர்பார்க்கப்பட்டோர் பலர் கச்சேரி எழுதுவினைஞராயினர்.

1855இல் மிஷனின் பொஸ்டன் தலைமையகச் செயலாளர் றூபஸ் அன்டர்சன் இங்கு வந்தார். தாய்மொழி வாயிலாகவே சுவிசேஷம் பரவவேண்டும் என்பது அவரது கொள்கை. அவ்வாண்டே செமினரி மூடப்பட்டது.

தாய்மொழிக்காக வாதிட்டவர் அந்நியர். ஆங்கிலத்தை வேண்டிநின்றோர் தமிழர். இதனைக் கொண்டு நம் முன்னோரை மொழிப்பற்றற்றோர் எனத் தீர்ப்பிடுதல் கருத்துமுதல்வாதத் தவறாகும். செமினரியிற் கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளையே 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். தமிழ் நவீன அறிவுக்குப் போதாது என்பதும் காரணமன்று. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைமருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். பாடநூல்களையும் தமிழில் வெளியிட்டார். ஆயின் நிர்வாகமும் நீதிமன்றமும் ஆங்கிலத்தில் நடைபெற்றன. குடியேற்ற அரசு எந்த மொழிக்குச் சம்பளம் வழங்கியதோ அந்த மொழியையே மக்கள் கற்றனர்.

1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மலாயாவின் புகையிரத நிலையங்களும் அலுவலகங்களும் யாழ்ப்பாணத்து ஆங்கிலத்தை வாங்கத் தொடங்கின.

எனினும் ‘மக்கள்’ என நாம் மேலே பொதுப்படக் கூறியது முழுவதும் பொருந்தாது. செமினரியிற் கற்றோருள் மிகப்பெரும்பாலோர் வேளாளரே. காணியின் பலத்தால் உயர்ந்திருந்தோர் ஆங்கிலத்தின் பலத்தையும் தம்முடையதாக்கிக்கொண்டனர். அதனைப் பிறரோடு பகிர அவர்கள் விரும்பவுமில்லை. 1929இல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் சமஆசனம் விதிக்கப்பட்டதை அடுத்து, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமர்வதைப் பொறாதோர் பாடசாலைகள் சிலவற்றுக்குத் தீவைத்தனர்.