467 கிணறுகளும் ஒரு செயற்கைக்கோளும்

திண்டுக்கல் என்றால் பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை. இந்த மூன்றும் எல்லோருக்கும் தெரியும். வரைபடம் வரைபவர்களுக்கு மட்டும் நான்காவதாக ஒன்று நினைவுக்கு வரும். அது 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை. ஊர் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேற்கே இருக்கிறது. சிறுமலையோ கோட்டின் இரண்டு பக்கமும் பரவிக் கிடக்கிறது. இந்திய நில அளவைத் துறையின் டோபோ ஷீட்டுகள் சரியாக இந்த 78-இல்தான் பிரிகின்றன. அதனால் ஊர் 58 எஃப் வரிசைத் தாளிலும், சிறுமலையின் பெரும்பகுதி 58 ஜே வரிசைத் தாளிலும் போய் மாட்டிக்கொள்கின்றன. திண்டுக்கல் பக்கம் தண்ணீர் எங்கிருந்து இறங்கி எங்கே போகிறது என்று பார்க்க நினைப்பவர் முதலில் இரண்டு தாள்களைச் சேர்த்து ஒட்டியாக வேண்டும்!

அந்தக் கோட்டுக்குப் பெரிய வரலாறு உண்டு. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் முதுகெலும்பு, கன்னியாகுமரி பக்கத்திலிருந்து இமயமலை வரை ஏறக்குறைய இந்த 78 டிகிரியை ஒட்டித்தான் போனது. பூமி எவ்வளவு வளைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க எடுத்த அளவு அது. இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை அதற்கும் முன்பே வேறு காரணத்துக்காக அளவு தொடங்கிவிட்டது. 1792-இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் கம்பெனியின் கைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கலெக்டராக இருந்த ஹர்டிஸ் நிலங்களை அளந்து தீர்வை நிர்ணயித்தார். 1821-இல் பி.எஸ். வார்டு பழனி மலையில் ஏறி அளவெடுத்தார்.

இவர்கள் யாரும் தண்ணீரை ஆராய வந்தவர்கள் இல்லை. வரி வசூலிக்க வந்தவர்கள். குளம் எங்கே என்று குறித்தால்தான் எது நன்செய், எது புன்செய் என்று தெரியும். அது தெரிந்தால்தான் எவ்வளவு தீர்வை என்று தெரியும். ஆனால் அந்த வழியில் வந்த கிராம வரைபடமும் புலப்படமும்தான் இன்றுவரை ஒரு குளத்தின் எல்லை எது என்பதற்குச் சட்டப்படியான சாட்சி. 2007-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தபோதும், வருவாய்த் துறை ஆவணங்களை வைத்து அளந்துதான் எல்லையைக் குறிக்கச் சொன்னது. செயற்கைக்கோள் படம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அது காட்டுவது படம் எடுத்த நாளில் தண்ணீர் நின்ற இடத்தை மட்டும்தான். குளத்தின் எல்லை வேறு, தண்ணீரின் எல்லை வேறு. இந்த வித்தியாசத்தில்தான் எத்தனையோ குளங்கள் காணாமல் போயின!

சரி, வானத்துக்குப் போவோம்.

1972 ஜூலை 23 அன்று அமெரிக்கா ஒரு செயற்கைக்கோளை ஏவியது. பின்னாளில் லேண்ட்சாட்-1 என்று பெயர் மாற்றப்பட்ட இதுதான் நிலத்தைத் தொடர்ந்து படம் பிடிப்பதற்கென்றே அனுப்பப்பட்ட முதல் செயற்கைக்கோள். இந்தியாவில் அதற்குச் சற்று முன்பே பி.ஆர். பிஷரோட்டியின் குழு கேரளத்தில் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படம் எடுத்து, தென்னை வேர்வாடல் நோயைக் கண்டறிய முடியும் என்று காட்டியிருந்தது. (இந்தியத் தொலையுணர்வு தென்னந்தோப்பில் தொடங்கியது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?) 1988 மார்ச் 17-இல் சொந்தமாக ஐ.ஆர்.எஸ்.-1ஏ மேலே போனது. 1995-இல் ஐ.ஆர்.எஸ்.-1சி.

இந்தப் படங்களின் கூர்மையை மீட்டரில் சொல்வது வழக்கம். நம் ஊர் அளவில் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். படத்தின் ஒரு புள்ளியை பிக்சல் என்கிறோம். லேண்ட்சாட்-1 படத்தில் ஒரு பிக்சல் நிலத்தில் சுமார் ஒன்றரை ஏக்கர். ஐ.ஆர்.எஸ்.-1ஏ-வின் இரண்டு வகைக் கேமராக்களில் கூர்மையானதில் அது 32 சென்ட் ஆனது. 1சி-யின் லிஸ்-3 கேமராவில் 13 சென்ட்டுக்குச் சற்று அதிகம். 2015 முதல் பறக்கும் ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் இரண்டரை சென்ட். அதாவது ஒன்றரை ஏக்கர் புஞ்சை முழுதும் ஒரே புள்ளியாகத் தெரிந்த காலம் போய், ஒரு வீட்டுமனை தெரியும் காலம் வந்திருக்கிறது. ஆனாலும் தோட்டத்துக் கிணறு ஒன்று இதில் தனியாகத் தெரிவது கடினம். கிணற்றுக்குள் என்ன தண்ணீர் இருக்கிறது என்பது தெரியவே தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

திண்டுக்கல் சமவெளி கடினப்பாறை நிலம். மேலே கொஞ்சம் மண், அதன் கீழே உளுத்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. தஞ்சாவூர் மாதிரி ஆற்று மணல் ஆழமாகக் கிடக்கும் பூமி இது இல்லை. தண்ணீர் இருப்பது உளுத்த பாறையிலும், கெட்டிப் பாறையின் விரிசல்களிலும் மட்டுமே. ஒரு தோட்டத்தில் 200 அடியில் தண்ணீர் பீறிடும். வேலிக்கு அந்தப் பக்கம் 800 அடி போட்டும் புகைதான் வரும். கடன் வாங்கி போர் போட்டவர்களுக்கு இது புள்ளிவிவரம் இல்லை, வாழ்க்கை.

இங்கேதான் செயற்கைக்கோள் முதன்முதலாக உருப்படியான வேலை செய்தது. பாறையின் பெரிய விரிசல்கள் தரையில் நின்று பார்த்தால் தெரியாது. மேலிருந்து பார்க்கும்போது ஓடை திடீரென்று நேர்கோட்டில் ஓடுவதும், காய்ந்த நிலத்தின் நடுவே பசுமை ஒரே வரிசையில் நிற்பதும் தெரியும். இந்தக் கோடுகளுக்கு லீனியமெண்ட் என்று பெயர். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் போர் போட்டால் தண்ணீர் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 1986-இல் மத்திய அரசு தேசியக் குடிநீர் இயக்கத்தைத் தொடங்கியபோது, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நாட்டின் மாவட்டங்களுக்கு நிலத்தடி நீர் வரைபடங்கள் தயாரிக்கும் வேலை விண்வெளித் துறையிடம் வந்தது. 1:2,50,000 அளவில் முதலில் செய்தார்கள். பிறகு 1:50,000 என்று நுணுக்கமாக்கினார்கள். திண்டுக்கல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1985 செப்டம்பர் 15-இல்தான். ஆக, இந்த மாவட்டமும் விண்வெளி வரைபடமும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள்.

ஊரின் ஆறு குடகனாறு. தமிழ்நாட்டு ஆறுகள் கிழக்கே ஓடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இது ஒரு ஆச்சரியம். கீழ்ப்பழனி மலைச் சரிவில் இறங்கி, திண்டுக்கல் பக்கமாக வடக்கு நோக்கி ஓடி, வேடசந்தூரைத் தாண்டி அமராவதியில் கலக்கிறது. சிறுமலையிலிருந்து சந்தானவர்த்தினி வந்து இதில் சேர்கிறது. வேடசந்தூர் அருகே அழகாபுரியில் கட்டிய குடகனாறு அணை, 1977 நவம்பர் புயல் வெள்ளத்தில் மண்கரைக்கு மேலே தண்ணீர் வழிந்து உடைந்தது. பிறகு திரும்பக் கட்டினார்கள். அன்றும் லேண்ட்சாட் மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது 18 நாளுக்கு ஒருமுறை வரும். வந்தாலும் புயல் மேகத்துக்குள் அதற்குக் கண் தெரியாது. மேகத்தை ஊடுருவும் ரேடார் கொண்ட ரிசாட்-1-ஐ இந்தியா ஏவியது 2012-இல்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

திண்டுக்கல்லின் பழைய தொழில்களில் ஒன்று தோல் பதனிடுதல். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும். அதை முதலில் ஊறவைத்து அலசும்போதே அந்த உப்பு முழுவதும் கழிவுநீரில் இறங்கிவிடும். ஆவாரம்பட்டை போய் குரோமியம் வந்தபோது ரசாயனமும் சேர்ந்துகொண்டது. கழிவுநீர் குட்டையிலும் ஓடையிலும் நின்றது, மண்ணில் இறங்கியது, விரிசல் வழியாகப் பயணம் போனது. எந்த விரிசல் கிணற்றுக்குத் தண்ணீர் கொண்டுவந்ததோ அதே விரிசல் உப்பையும் கொண்டுவந்தது!

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் தொழிற்சாலைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதிசெய்த தீர்ப்பு என்பதால் இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். வேலூர் பெயரில் வழக்கு இருப்பதால் பலர் கவனிக்காமல் விடுவது, தீர்ப்பு பெயர் சொல்லிக் குறிப்பிட்ட ஐந்து மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று என்பதை. அதிலே திண்டுக்கல் பற்றி ஒரு கணக்கு வருகிறது. தன்னார்வ அமைப்பு ஒன்று திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் கணக்கெடுத்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட மொத்தக் கிணறுகள் 467. அதில் கெட்டுப்போனவை 350.

நான்கில் மூன்று கிணறு! பெண்களும் குழந்தைகளும் குடிதண்ணீருக்காக மைல் கணக்கில் நடந்தார்கள் என்பதையும் தீர்ப்பு சேர்த்துச் சொல்கிறது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போன இந்தக் கணக்கை எந்தச் செயற்கைக்கோளும் எடுக்கவில்லை. அந்தக் காலத்தில் ஐ.ஆர்.எஸ். படங்கள் இருந்தன. அவற்றில் இந்த 13 கிராமங்களும் இருந்தன. தோட்டம் காய்ந்ததும், வயல் வெறுமையானதும் ஓரளவு தெரிந்திருக்கும். ஆனால் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீரும் இளநீர் மாதிரித் தண்ணீரும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுதான். தண்ணீரில் கரைந்த உப்புக்கு அந்தக் கேமராவில் நிறம் கிடையாது. கிணறு கிணறாகப் போனவர்களால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

அப்படியானால் தொழில்நுட்பம் வீணா? இல்லை. அதன் முறை அடுத்து வந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் திண்டுக்கல் தோல் தொழிற்சாலைப் பகுதியை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். அந்தப் பகுதியில் அப்போது இயங்கியதாக அவர்கள் குறிப்பிட்டவை 80 தோல் தொழிற்சாலைகள். கிணறுகளின் நீர்மட்டம், கரைந்த உப்பின் அளவு, பாறையின் தன்மை எல்லாவற்றையும் கணினி மாதிரியில் போட்டு, நிலத்தடியில் மாசு எப்படி நகர்கிறது என்று கணக்குப் பார்த்தார்கள். 2005-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளியான முடிவு கசப்பானது. உப்பு பெரும்பாலும் தண்ணீரின் ஓட்டத்தோடேயே பயணம் செய்கிறது. கழிவைப் பாதியாகக் குறைத்தாலும்கூட, 20 ஆண்டு கழித்தும் நிலத்தடி நீரின் உப்பு பாதிக்குக் கீழே இறங்காது.

முந்தைய கணக்கெடுப்பு சொன்னது நேற்று நடந்ததை. இந்த மாதிரி சொன்னது நாளை நடக்கப்போவதை. கிணற்றுக் கணக்கு இல்லாமல் மாதிரி இல்லை. மாதிரி இல்லாமல் அந்தக் கணக்குக்கு எதிர்காலம் இல்லை.

மேலிருந்து எடுக்கும் படங்கள் ஏமாற்றும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். தொலையுணர்வுப் படத்தில் பசுமை சிவப்பாகவும், தெளிந்த தண்ணீர் கறுப்பாகவும் தெரியும். சாக்கடை கலந்த குளத்தில் ஆகாயத்தாமரை மூடிக்கொண்டால் நிறைந்த குளமும் படத்தில் சிவப்புதான். வறண்ட குளத்தில் சீமைக் கருவேலம் மண்டினாலும் சிவப்புதான். நெல் வயலும் சிவப்பு. அறையை விட்டு வெளியே போகாமல் வரைபடம் போட்டால் குளத்தைத் தோப்பு என்று எழுதிவிடலாம். 2002-இல் ஏவிய கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் புவியீர்ப்பு மாற்றத்தை வைத்து நிலத்தடி நீரையே எடைபோட்டன. 2009-இல் வட மேற்கு இந்தியாவின் நிலத்தடி நீர் இழப்பை அதை வைத்துக் காட்டியது உலகச் செய்தியானது. ஆனால் அதன் பார்வைக்குத் தமிழ்நாடு முழுவதும் சேர்ந்தாலே ஏறக்குறைய ஒரே புள்ளிதான். 6,266 சதுர கிலோமீட்டர் திண்டுக்கல் மாவட்டம் அதில் எங்கே?

படத்தின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அது மறப்பதில்லை. 2008-இல் லேண்ட்சாட் பழைய படங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். 2009-இல் இஸ்ரோவின் புவன் வந்தது. 2021 பிப்ரவரியில் வரைபடத் தகவல் மீதான பழைய கட்டுப்பாடுகளை மத்திய அரசு பெருமளவு தளர்த்தியது. முன்பு ஒரு துறை இன்னொரு துறைக்குக் கடிதம் எழுதி, காசு கட்டி வாங்கிய படத்தை இன்று கல்லூரி மாணவர் இன்டர்நெட் சென்டரிலோ விடுதியிலோ உட்கார்ந்து இறக்கிக்கொள்ளலாம். குளத்தில் தண்ணீர் எந்த ஆண்டு எவ்வளவு தூரம் பரவியது, வரத்து வாய்க்கால் எந்த ஆண்டு கட்டிடங்களுக்கு நடுவே தொலைந்தது என்று வரிசையாக அடுக்கிப் பார்க்கலாம். திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே, 1956-இல் தொடங்கிய காந்திகிராமக் கிராமிய நிறுவனத்தில் புவித் தகவலியலே பாடமாக இருக்கிறது.

வேண்டிய பொருட்களும் அதிகமில்லை. சென்டினல் படம் இலவசம். கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருள் இலவசம். 58 எஃப்/15, 58 ஜே/3 என்ற இரண்டு டோபோ ஷீட்டையும் கணினியிலேயே ஒட்டிக்கொள்ளலாம், பசை தேவையில்லை. ஜி.பி.எஸ். கைபேசியிலேயே இருக்கிறது. காசு போட்டு வாங்க வேண்டியது தண்ணீரின் உப்பை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றுதான். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தரக் கணக்கு. 2005-இல் சொன்ன 20 ஆண்டு 2025-இல் முடிந்துவிட்டது. மீட்டரைத் தண்ணீரில் விட்டு, வரும் எண்ணை வரைபடத்தில் அந்தக் கிணற்றின் மேல் எழுதிவிட்டு, அடுத்த கிணற்றுக்கு நடக்க வேண்டும். 13 கிராமங்கள், 467 கிணறுகள்.