ஃபிரெடெரிக்ஸ்பர்க் ஊரும் ஓர் ஒப்பந்தமும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஃபிரெடெரிக்ஸ்பர்க் என்ற சிற்றூருக்குப் போயிருந்தேன். வசந்த காலம். சாலையோரமெங்கும் நீலநிற புளூபானெட் காட்டுப்பூக்கள். ஊரைச் சுற்றி ஒயினுக்கான திராட்சைத் தோட்டங்கள். கூட்டம் இவற்றுக்காகவே வருகிறது. நான் நெடுநேரம் நின்றது, ஊர்ச் சதுக்கத்தில் உள்ள ஒரு சிலையின் முன்னால்.

1846-இல் ஜெர்மானியர் குடியேறிய ஊர் இது. சுற்றிலும் கமாஞ்சி பழங்குடியினரின் நிலம். குடியேறிகளின் தலைவர் மொய்சபாக் சண்டைக்குப் போகாமல், கமாஞ்சித் தலைவர்களைத் தேடிப்போய்ப் பேசினார். 1847-இல் ஒப்பந்தம் ஆனது. கமாஞ்சிகளுக்கு 3,000 டாலர் மதிப்புள்ள பரிசுப் பொருட்கள். ஒருவர் இடத்துக்கு மற்றவர் அச்சமின்றிப் போய்வரலாம். இரு தரப்பும் பெரும்பாலும் சொல் காத்தார்கள். அதன் நினைவாக நிற்கும் சிலை அது.

ஆனால் 1875-க்குள் அமெரிக்க ராணுவம் கமாஞ்சிகளை இன்றைய ஓக்லஹோமா பகுதியில் ஒதுக்கிவிட்டது. சொல் காத்தவர்களுக்கு அந்த மண்ணில் இடமில்லாமல் போனது. அங்கே போகிறவர்கள் பூக்களோடு அந்தச் சிலையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.