ரேகைச் சட்டமும் ஈயம் பூசப் போன குண்டானும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. வேலை, வீட்டில் ஒரு கல்யாணம், அப்புறம் சோம்பேறித்தனம் (கடைசிதான் நிஜமான காரணம்). இன்னிக்கு எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் சிகாகோவில் இருக்கிற பெரியப்பா மகன். போன ஞாயித்துக்கிழமை போனில் பேசிட்டிருந்தோம். அவன் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் துப்பாக்கிச் சூடு, ரெண்டு பேர் காலி. "டேய் தம்பி, அந்த ஏரியாப் பக்கமே போகக்கூடாதுடா. அவங்க எல்லாம் அப்படித்தான். நான் சொல்லலை, புள்ளிவிவரம் சொல்லுது"ன்னான்.

சிகாகோ கணக்கு பயங்கரமானதுதான், மறுக்கலை. 2021-ல் மட்டும் அந்த ஒரு நகரத்தில் சுமார் 800 கொலை, பெரும்பாலும் துப்பாக்கியால். (லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் செயின்ட் லூயிஸ் மாதிரி ஊர்கள் சிகாகோவை முந்திடும், அது வேற.) ஆனா என் காதில் மாட்டிக்கிட்டது அந்த எண் இல்லை. "அவங்க". இந்த வார்த்தையை இதே தொனியில் எங்க வீட்டுத் திண்ணையிலேயே கேட்டிருக்கேன்.

நான் அஞ்சாவதோ ஆறாவதோ படிக்கிறப்ப. காரைக்குடியில் எங்க தெருவுக்கு ராத்திரிக் காவலுக்கு ஒரு பெரியவர் இருந்தார். காவக்கார ஐயான்னு கூப்பிடுவோம். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், எழுபதைத் தாண்டினவர். தடியைத் தரையில் தட்டிக்கிட்டே வருவார், அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். பேரன் ஒருத்தன் கூட இருந்தான், சைக்கிள் கடையில் வேலை.

ஒருநாள் எங்க வீட்டுப் பெரிய பித்தளைக் குண்டானைக் காணோம். பத்துப் படி அரிசி வடிக்கிற குண்டான். வீடே அல்லோலகல்லோலம். யாரோ, எங்க வீட்டு ஆள்தான், பேரை நான் சொல்ல விரும்பலை, "காவக்காரன் பேரன் நேத்து கொல்லைப்பக்கம் நின்னான், அவங்க ஜாதிக்கு இதெல்லாம் புதுசா?"ன்னாங்க. சாயங்காலம் போலீஸ் வந்து பையனைக் கூட்டிட்டுப் போனது. மூணாம் நாள் ஈயம் பூசுற ஆள் குண்டானைத் தலையில் வச்சுக்கிட்டு பளபளன்னு வந்து நிக்கிறார். அப்பத்தாதான் போன வாரம் குடுத்தனுப்பியிருக்காங்க, மறந்துட்டாங்க. பையனை விட்டுட்டாங்க. வலது கை கொஞ்ச நாள் சரியாத் தூக்க முடியலை அவனுக்கு. எங்க வீட்டில் யாரும் மன்னிப்புக் கேட்கலை. அந்த மாசச் சம்பளத்தில் அஞ்சு ரூபாய் சேர்த்துக் குடுத்தாங்க.

அப்புறம் ஒருநாள் காவக்கார ஐயா திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "எங்க அப்பன் ரேகை உருட்டிட்டு வந்தன்னிக்கு பத்து விரலும் கருப்பா இருந்துச்சு தம்பி. அன்னிக்கு ராத்திரி சோறு திங்கலை." எனக்கு அப்ப ஒண்ணும் புரியலை. வளர்ந்தப்புறம்தான் தேடிப் படிச்சேன். அதைத்தான் இங்கே எழுதப்போறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல காவல்ங்கிறது என்னன்னு பார்க்கணும். கம்பெனி வர்றதுக்கு முந்தி தென் ஜில்லாக்களில் போலீஸ் கிடையாது. ஊர்க் காவலைக் கள்ளர், மறவர்னு சில சமூகத்தார் ஏத்துக்கிட்டாங்க. அறுவடையில் அவங்களுக்குப் பங்கு உண்டு. பதிலுக்கு, திருட்டுப் போனா கண்டுபிடிச்சுத் தரணும், இல்லாட்டி கைக்காசிலிருந்து ஈடு கட்டணும். கிட்டத்தட்ட இன்ஷூரன்ஸ்! இதுக்கு மேலே துப்புக்கூலின்னு ஒண்ணு. காணாமப் போன மாட்டை மீட்டுத் தர்றதுக்குக் கூலி. மாட்டை ஓட்டினவனும் கூலி வாங்கினவனும் ஒரே ஆளா இருந்த கதையும் நிறைய. அதையும் மறைக்கக்கூடாது.

1801-ல்தான் எல்லாம் தலைகீழாச்சு. எங்க ஜில்லாக்காரங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த வருஷம் அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கில் போட்டாங்க. (ஜேம்ஸ் வெல்ஷ்னு ஒரு கம்பெனி அதிகாரி. 1795-ல் தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கத்துக்குடுத்தவர் சின்ன மருதுன்னு தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கார். அவரே பின்னாடி அதே மருதுவை எதிர்த்து வந்த படையில்!) டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவோட மகன், ஒரு பிரகடனம் போட்டார். பாளையக்காரர்கள் படை வைக்கக்கூடாது, ஆயுதத்தை ஒப்படைக்கணும், கோட்டைகளை இடிக்கணும். 1816-ல் போலீஸ் ரெகுலேஷன் வந்து பழைய காவல் முறையும் சட்டப்படி முடிஞ்சது. அதுவரை சம்பளம் வாங்கின காவல்காரன் ஒரே கையெழுத்தில் மிரட்டிக் காசு பறிக்கிறவன் ஆனான். ஊர் அவனைத் தொடர்ந்து வச்சுக்கிச்சு, சர்க்கார் கணக்கில் மட்டும் அவன் குற்றவாளி.

1878-ல் ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேணும். வெள்ளைக்காரனுக்கும் ஆங்கிலோ-இந்தியனுக்கும் விலக்கு. துப்பாக்கியையும் தோல் நிறத்தையும் முடிச்சுப் போட்டது அமெரிக்காக்காரன் மட்டும்னு நினைச்சுக்காதீங்க.

அடுத்தது எண்களோட காலம். 1892-ல் மெட்ராஸ் போலீஸ் அதிகாரி முல்லாலி, மாகாணத்துக் 'குற்ற வகுப்புகள்' பத்தி ஒரு புஸ்தகமே போட்டார். எந்த ஜாதி எப்படித் திருடும், கன்னக்கோல் எப்படி இருக்கும்னு, பறவைகளை இனம் பிரிக்கிற மாதிரி. மெட்ராஸ் மியூசியத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் ஜாதி ஜாதியா மூக்கை அளந்தார், போலீஸ்காரங்களுக்கும் அளவெடுக்கக் கத்துக்குடுத்தார். 1897-ல் உலகத்திலேயே முதல் கைரேகை அலுவலகம் எங்கே தொடங்கினாங்க? லண்டனில் இல்லை, கல்கத்தாவில்.

இதே சமயம் அமெரிக்காவில் என்ன நடந்ததுன்னு பார்த்தா எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1896-ல் ஃபிரடெரிக் ஹாஃப்மன்னு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி புள்ளியியல்காரர் புஸ்தகம் போடறார். 1890 சென்சஸ்படி கறுப்பர்கள் ஜனத்தொகையில் சுமார் 12 சதவீதம், சிறையில் 30 சதவீதம். ஆகவே இது ரத்தத்தில் இருக்குன்னார். அடுத்த வருஷமே டு பாய்ஸ் இதுக்கு மறுப்பு எழுதினார், 1899-ல் ஃபிலடெல்ஃபியா கறுப்பர்களைப் பத்தி வீடு வீடாப் போய் விசாரிச்ச ஆய்வையும் வெளியிட்டார். யார் கேட்டா? ஜெயிச்சது ஹாஃப்மன் சொன்னதுதான்.

அதே 1896-ல் நம்ம மதுரை, திண்டுக்கல் பக்கம் 'பண்டு' கலகம். ஃபண்டுதான் பண்டு ஆச்சு. அமையப்ப கோன்னு ஒருத்தர் தலைமையில் ஊர்க்காரங்க காசு சேர்த்து, கள்ளர் காவலே வேண்டாம், சொந்தக் காவல் போட்டுக்கறோம்னு கிளம்பினாங்க. அடிதடி, வீடு எரிப்பு எல்லாம் நடந்தது. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிதானிக்கிறேன். அந்த ஜனங்களோட கோபம் பொய்யில்லை. மாடு போனவனுக்குத்தான் வலி தெரியும். பெரியப்பா மகனோட பயமும் அப்படித்தான், நிஜமான பயம். என் சண்டை அந்தப் பயத்துக்கு அடுத்து வர்ற வாக்கியத்தோடதான்.

ஏன்னா ஒரு சின்ன விஷயம். 1895-ல் முல்லைப்பெரியாறு தண்ணி வந்தது. மேலூர்ப் பக்கத்துக் கள்ளர்கள் மாடு ஓட்டறதை விட்டுட்டு மும்முரமா நெல் நடறாங்கன்னு 1906-ல் வந்த மதுரை கெசட்டியர் சொல்லுது, எழுதினவர் ஃபிரான்சிஸ்ங்கிற ஐ.சி.எஸ். பத்து வருஷத்தில் ரத்தம் மாறிடுச்சா? உசிலம்பட்டி மேட்டுக்கு அந்தத் தண்ணி ஏறலை. மேற்கே இருந்த பிரமலைக் கள்ளர்களுக்குக் கிடைச்சது ரேகைச் சட்டம். (அதே கெசட்டியரில் ஒரு கள்ளர் வக்காலத்து வாங்கறதும் வருது. அதிகாரி லஞ்சத்தில் திருடறார், வக்கீல் சண்டை மூட்டித் திருடறார், வியாபாரி சர்க்கரையில் மண்ணைக் கலந்து திருடறார், நாங்க நேராத் திருடறோம், அவ்வளவுதான் வித்தியாசம்ங்கிற அர்த்தத்தில். படிச்சுட்டு ரொம்ப நேரம் சிரிச்சேன்.)

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-லேயே வடக்கே வந்துடுச்சு. 1911-ல் திருத்தி எழுதினப்பதான் மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்தது. 1914-ல் மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி, 1918-ல் பிரமலைக் கள்ளர் மொத்தப் பேருக்கும். வயசுவந்த ஆம்பளைங்க பதிவேட்டில் விரல் உருட்டணும். சிலர் ராத்திரியில் கச்சேரிக்குப் போய் ஆஜராகணும். வெளியூர் போகணும்னா ராதாரிச் சீட்டு. பக்கத்து ஊரில் பொண்ணு பார்க்கப் போனாலும் சீட்டு. காவக்கார ஐயாவோட அப்பன் உருட்டினது இந்தச் சமயத்தில்தான் இருக்கணும்.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர். நாங்க உழுது பிழைக்கிறவங்க, ரேகை வைக்க மாட்டோம்னு ஊரே நின்னது. போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தாங்க, அதில் மாயக்காள்னு ஒரு பொம்பளை. பிடிபட்டவங்களைச் சங்கிலியில் கட்டித் திருமங்கலம் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனதா இன்னிக்கும் அந்தப் பக்கம் சொல்வாங்க. அவங்களுக்காக வாதாடினவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். அந்தச் சனங்க அவரை ரோசாப்பூ துரைன்னாங்க, பிள்ளைகளுக்கு ரோசாப்பூன்னு பேர் வச்சாங்க. ஜாலியன்வாலா பாக் நடந்து ஒரு வருஷம்கூட ஆகலை. அது எல்லாப் பாடப் புஸ்தகத்திலும் இருக்கு. இதை நான் பள்ளிக்கூடத்தில் படிச்சதே இல்லை.

புள்ளிவிவரத்துக்கு வர்றேன். ராத்திரி ஆஜராகலைன்னா அதுவே குற்றம். சீட்டில்லாமச் சந்தைக்குப் போனா குற்றம். அதுக்குச் சிறை. அந்தச் சிறைக் கணக்கு வருஷ அறிக்கையில் ஏறும். அறிக்கையைப் பார்த்து, பாருங்க இந்த ஜாதியில் எத்தனை குற்றவாளின்னு சட்டத்தை இன்னும் இறுக்குவாங்க. குண்டான் திருடுபோகவே இல்லை. ஆனா அன்னிக்கு யாராவது கணக்கெடுத்திருந்தா எங்க தெருவில் ஒரு திருட்டு, ஒரு கைது, அந்த ஜாதின்னு எழுதியிருப்பாங்க.

அடிபட்டவங்க எல்லாம் புனிதர்கள்னு சொல்ல வரலை. எங்க பக்கத்திலேயே ஆதாரம் இருக்கு. 1930 டிசம்பரில், தேவகோட்டையெல்லாம் அப்ப ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது, கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டாங்க. தங்கம் வெள்ளி போடக்கூடாது, சட்டை பனியன் கூடாது, கிராப்பு கூடாது, மண்சட்டிதான், குடை கூடாது, செருப்பு கூடாது, பெண்கள் மாரை மறைக்கக்கூடாது. 1931-ல் அது பதினொண்ணாச்சு, பிள்ளைங்க படிக்கவே கூடாதுன்னு. மீறினவங்க குடிசை எரிஞ்சது. சென்சஸ் கமிஷனரா இருந்த ஹட்டன் எழுதி வச்சிருக்கார், அம்பேத்கரும் எடுத்துக் காட்டியிருக்கார். ரேகைச் சட்டம் எங்க நாட்டார்கள் மேல் பாய்ஞ்சதில்லை, பாய்ஞ்சது மேற்கே. ஆனா ரெண்டு பக்கமும் ஜாதிப் பேர் ஒண்ணு. ஒரே பேர், ஒரே காலம், ஒரு இடத்தில் விரல் உருட்டினவன், இன்னொரு இடத்தில் அடுத்தவன் சட்டையைக் கழட்டினவன். ரத்தத்தை வச்சு இதில் எதைக் கணிக்கிறது?

இன்னொண்ணும் கவனிச்சேன். நம்ம ஊர் ஜாதிச் சண்டையில் ஜனங்க கையில் இருந்தது அரிவாள். துப்பாக்கி எப்பவும் சர்க்கார் கையில்தான். 1942 ஆகஸ்டில் தேவகோட்டைக் கோர்ட்டு எரிஞ்சப்ப சுட்டாங்க. 1957 செப்டம்பரில் இம்மானுவேல் சேகரன் கொலைக்கப்புறம் கீழத்தூவலில் அஞ்சு பேரைச் சுட்டாங்க, மறவர்கள். 2011-ல் அதே இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியில் சுட்டாங்க, செத்தவங்க தலித்துகள். எந்த ஜாதி மேல் குண்டு பாயணும்ங்கிறது வருஷத்துக்கு வருஷம் மாறியிருக்கு. மத்தவங்க ஒவ்வொரு தடவையும் "அவங்க அப்படித்தான்"னு சும்மா இருந்தாங்க.

மெட்ராஸ் மாகாணத்தில் சட்டம் 1947-ல் போச்சு, தேசம் முழுக்க 1952 ஆகஸ்ட் 31-ல். பதிவேடு சீக்கிரம் போகலை. சிறைப் பதிவேட்டில் ஜாதிப் பத்தியை எடுங்க, சீர்மரபினரைப் பிறப்பாலேயே வழக்கமான குற்றவாளி மாதிரி நடத்தாதீங்கன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது 2024 அக்டோபர் 3-ல். சட்டம் போய் 72 வருஷம் கழிச்சு.

பெரியப்பா மகனுக்கு இதையெல்லாம் போனில் சொல்ல முடியலை, அவன் ஆபீஸ் கிளம்பணும். "அண்ணே, உனக்கு அந்தக் குண்டான் ஞாபகம் இருக்கா?"ன்னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா, "அந்தப் பையன் என்னடா ஆனான்?"ன்னான்.

எனக்குத் தெரியாது. காவக்கார ஐயா அடுத்த தைக்குள்ள ஊருக்குப் போயிட்டார், பேரனும் கூடவே போயிட்டான். குண்டான் இன்னும் எங்க வீட்டு ரெண்டாம் கட்டில் கவுந்து கிடக்கு.