1711-ஆம் எண் வேகன்

கோவைப் பக்கத்துக்காரர்கள் போத்தனூர் ஜங்ஷனில் எத்தனையோ முறை ரயில் மாறியிருப்போம். அதே நிலையத்தில் 1921-ல் ஒரு வேகனின் கதவைத் திறந்தவர்கள் கண்ட காட்சியை எனக்குப் பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அப்போது மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அங்கே மாப்பிள்ளைக் கிளர்ச்சி மூண்டது. கிலாபத் இயக்கத்தின் வேகமும், ஜன்மிகளிடம் குடியானவர்கள் பட்ட பாடும் அதற்குக் காரணங்கள். கிளர்ச்சியின்போது நடந்தவை பற்றி இன்றும் வாதம் ஓயவில்லை. நான் சொல்ல வந்தது வேகனின் கதையை மட்டும்.

உள்ளூர்ச் சிறைகள் நிரம்பி வழிந்ததால் கைதிகளை வெளியூர்ச் சிறைகளுக்கு அனுப்பினார்கள். நவம்பர் 19 மாலை, பெல்லாரிக்குப் போகவேண்டிய சுமார் 100 பேரைத் திரூரில் ஒரே வேகனில் ஏற்றிக் கதவை வெளியே பூட்டினார்கள். பெரும்பாலோர் மாப்பிள்ளைமார், இந்துக்கள் சிலரும் உண்டு. அந்த வேகன் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் லக்கேஜ் வேன், எண் 1711. மூட்டை முடிச்சுகளுக்காகச் செய்தது. அதைச் சென்னை செல்லும் பயணிகள் ரயிலோடு கோத்துவிட்டார்கள்.

ஷொரணூரிலும் ஒலவக்கோட்டிலும் ரயில் நின்றது. உள்ளேயிருந்து தண்ணீர் கேட்டுக் கதறியும் கதவு திறக்கவில்லை. ஆணி போன ஒரு சிறு துவாரத்தில் மூக்கை வைத்து மூச்சு வாங்கியதாக, தப்பிப் பிழைத்த ஒருவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நள்ளிரவு தாண்டிப் போத்தனூரில் கதவைத் திறந்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பிணமாகக் கிடந்தார்கள். கோவைக்குக் கொண்டுபோன பிறகும் சிலர் இறந்தார்கள். மொத்தம் 64, 67, 70 என்று கணக்கு நூலுக்கு நூல் மாறுகிறது.

நாப் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் தலைமையில் அரசு விசாரணைக் குழு அமைத்தது. வேகனின் கம்பி வலைக் கண்கள் பெயிண்டாலும் தூசியாலும் அடைபட்டிருந்ததைக் குழு கண்டது. ஆனால் இப்படிப்பட்ட வேனில் கைதிகளை ஏற்றும் வழக்கமே தவறு என்று சொல்லவில்லை. என் மனசை உறுத்துவது இதுதான். அடைத்த கையை விட்டுவிட்டு, அடைபட்ட வலையின் மேல் பழியைப் போட்டார்கள்.

உடல்கள் பல திரூருக்கே திரும்பி வந்து, அங்குள்ள பள்ளிவாசல்களில் அடக்கமாயின. இன்று அந்த ஊர் நகராட்சியின் டவுன்ஹால் வேகன் டிராஜெடி நினைவு மண்டபமாக இருக்கிறது. அதன் முகப்பும் ஒரு வேகனின் வடிவம். 2018-ல் திரூர் ரயில் நிலையச் சுவரில் இந்தச் சம்பவத்தை ஓவியமாகத் தீட்டினார்கள். ஆட்சேபம் வந்ததும் அழித்துவிட்டார்கள். சுவரில் இருந்ததை அழிப்பது எளிது. வேகன் வடிவக் கட்டடமோ நடுவூரில் நிற்கிறது. ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று ஒரு குழந்தை கேட்டால், பெரியவர்கள் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்?

அடுத்த முறை போத்தனூரில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது, பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் நீங்களும் இதைச் சொல்லுங்கள்.