அஸபிய்யா: ஒரு சொல்லின் வேர்



நமது ஊர்களில் வாக்குவாதம் முற்றினால் முதலில் வந்து விழும் சொல் 'அஸபிய்யா'. அது எப்போதும் எதிராளியிடம்தான் இருக்கும். நம்மிடம் இருப்பது ஊர்ப்பற்று!

அரபியில் 'அஸப' என்றால் சுற்றிக் கட்டுதல். தலையில் கட்டும் துணி 'இஸாபா'. தந்தை வழி ஆண் உறவினர் 'அஸபா'. வாரிசுரிமைப் பாடம் படித்தவர்களுக்கு இது பழகிய சொல். பொலிஸும் நீதிமன்றமும் இல்லாத பாலைவனத்தில் ஒருவனைச் சுற்றி நின்றவர்கள் அவர்கள்தான். அவன் கொல்லப்பட்டால் பழி கேட்பதும் அவர்கள், அவன் கொன்றுவிட்டால் இரத்தப் பணம் கொடுப்பதும் அவர்கள். அந்தக் கட்டு இல்லாமல் அங்கே உயிர் வாழ முடியாது.

ஸூரா யூஸுபில் இதே வேரிலிருந்து 'உஸ்பா' வருகிறது. நாம் ஒரு பலமான கூட்டமாக இருக்கிறோமே என்று சகோதரர்கள் சொல்கிறார்கள். எப்போது? சொந்தத் தம்பியைக் கிணற்றில் போடுவதற்குச் சற்று முன்னர்.

துனிஸில் 1332இல் பிறந்த இப்னு கல்தூன், 1377இல் எழுதிய முகத்திமாவில் இச்சொல்லை வசையாகப் பயன்படுத்தவில்லை. அரசுகள் எழுவது இந்தக் குழுப் பிணைப்பால். அரண்மனைச் சுகத்தில் அது தளரும்போது அவை விழுகின்றன என்றார். மார்க்கம் கண்டித்தது அசத்தியத்துக்குத் துணைபோகும் அஸபிய்யாவை என்றும் விளக்கினார்.

ஒரு போர்ப் பயணத்தில் முஹாஜிர் ஒருவர் அன்ஸாரி ஒருவரை அடித்துவிட்டார். ஒருவர் அன்ஸார்களைக் கூவி அழைக்க, மற்றவர் முஹாஜிர்களைக் கூவி அழைத்தார். இரண்டுமே குர்ஆன் புகழ்ந்த பெயர்கள். அப்படியிருந்தும் நபி (ஸல்) அவர்கள் அதை ஜாஹிலிய்யத்தின் அழைப்பு, நாற்றமடிப்பது, விட்டுவிடுங்கள் என்றார்கள். அஸபிய்யா என்றால் என்னவென்று பின்னொரு முறை கேட்கப்பட்டபோது, அநியாயத்தில் உன் கூட்டத்துக்கு உதவுவது என்ற கருத்தில் பதில் சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. சொந்த மக்களை நேசிப்பது பற்றி அங்கே பேச்சே இல்லை.

இதையெல்லாம் வகுப்பில் படிப்பிப்பவர்கள்தான் நாம். சில வருடங்களுக்கு முன் பக்கத்து ஊருடன் உதைபந்தாட்டத்தில் சண்டை வந்தது. முதலில் கை நீட்டியது யார் என்று கண்ணால் கண்டோம். பள்ளிவாசல் கூட்டத்தில் விசாரித்தபோது, "எங்கட பிள்ளை அப்படிச் செய்யிறவன் இல்ல" என்று நாமும் சேர்ந்து சொன்னோம். அடிபட்ட பிள்ளையின் வாப்பா எதுவும் பேசாமல் எழும்பிப் போனார். அவரிடம் இன்னும் நாம் போகவில்லை.