மல்டிபாத் ஸ்டோரேஜும் ஹை அவைலபிலிட்டி எச்சரிக்கையும்

ஒரு சர்வரிலிருந்து அதன் தரவு இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளைப் போட்டு, அவை அனைத்தையும் ஒரே வட்டாக இயங்குதளத்துக்குக் காட்டும் முறை மல்டிபாத். லினக்ஸில் கர்னலுக்குள் இருக்கும் டிவைஸ் மேப்பரும் வெளியே ஓடும் மல்டிபாத்-டி என்ற பின்னணி நிரலும் இந்த வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. கர்னலில் இது சேர்ந்த ஆண்டு 2005. இருக்க வேண்டிய பாதைகளில் சில போய்விட்டு, மீதிப் பாதைகளில் வேலை நடக்கும்போது எழுவதுதான் ஹை அவைலபிலிட்டி எச்சரிக்கை. பெரும்பாலும் இது ஸ்டோரேஜ் பெட்டியின் நிர்வாகத் திரையில் தோன்றும்.

அது தோன்றும் நேரத்தில் பயனருக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. மில்லில் பில் போடுகிறார்கள், மருத்துவமனையில் நோயாளிப் பதிவு நடக்கிறது. அதனாலேயே இந்த எச்சரிக்கை வாரக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. மிச்சமிருக்கும் பாதையும் அறுந்தால் கணக்கு, பதிவு எல்லாம் ஒரே நொடியில் நிற்கும்.

வழக்கமான அமைப்பில் சர்வரில் இரண்டு அடாப்டர் போர்ட்டுகள், ஒன்றோடொன்று இணைக்கப்படாத இரண்டு ஸ்விட்சுகள், ஸ்டோரேஜில் இரண்டு கண்ட்ரோலர்கள் இருக்கும். ஒவ்வொரு அடாப்டரும் இரு கண்ட்ரோலரையும் பார்த்தால் மொத்தம் 4 பாதைகள். பழுது தேடும்போது எத்தனை பாதை போயிற்று என்பதைவிட எந்தப் பாதைகள் போயின என்பதே அதிகம் சொல்லும். மல்டிபாத் கட்டளையை இரட்டை ‘எல்’ விருப்பத்தோடு இயக்கினால் பாதைகளின் நிலை வரிசையாக வரும். ஒரே அடாப்டரின் இரண்டு பாதைகளும் போயிருந்தால் கேபிள், எஸ்எஃப்பி (ஒளியிழையைப் போர்ட்டோடு இணைக்கும் சிறு செருகி), ஸ்விட்ச் போர்ட் பக்கம் பார்க்க வேண்டும். ஒரே கண்ட்ரோலருக்கான பாதைகள் மட்டும் இல்லையென்றால் அந்தக் கண்ட்ரோலரையோ, எது எதைப் பார்க்கலாம் என்று ஸ்விட்சில் வகுத்துவைக்கும் ஜோனிங்கையோ சந்தேகிக்கலாம். மற்ற வட்டுகள் சரியாக இருந்து ஒரு வட்டுக்கு மட்டும் பாதை குறைந்தால், கேபிளைத் தொடவே வேண்டாம். ஸ்டோரேஜில் அந்த வட்டைச் சர்வருக்கு ஒதுக்கிய விதத்தில்தான் பிழை.

விட்டுவிட்டு வரும் பாதை இவற்றைவிடத் தொல்லையானது. ஃபைபர் சேனலில் இதற்குப் பெரும்பாலும் ஒளியிழை முனையில் படிந்த தூசியோ தளர்ந்த எஸ்எஃப்பியோ காரணம். ஸ்விட்சில் சிஆர்சி பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவது அதைக் காட்டிக்கொடுக்கும். பஞ்சாலைத் தூசி நிறைந்த கொங்கு வட்டாரத்தில் முனைகளைத் துடைத்துப் பார்ப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்வது நல்லது. ஈதர்நெட் வழியே ஓடும் ஐஸ்கசி முறையில் அடிக்கடி மாட்டுவது எம்டியு என்ற பொட்டல அளவு. சர்வரில் 9000 என்று வைத்து, நடுவில் உள்ள ஒரு ஸ்விட்சில் 1500 என்றே விட்டுவிட்டால் சாதாரண பிங் போய்வரும், தரவு தடுமாறும். துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 8972 பைட் பிங் அனுப்பினால் குட்டு வெளிப்படும்.

சில எச்சரிக்கைகள் பொய். அடாப்டர் அட்டையை மாற்றிய பிறகு பழைய அட்டையின் பதிவு ஸ்டோரேஜில் நீக்கப்படாமல் இருந்தால், வராத விருந்தாளிக்காக அது குறை சொல்லிக்கொண்டே இருக்கும். பழைய பதிவை நீக்கினால் சரியாகிவிடும். ஆனால் எச்சரிக்கை பொய் என்று முடிவுகட்டும் முன் சர்வர் பக்கத்தில் எல்லாப் பாதைகளும் உயிரோடு இருப்பதைப் பார்த்தே ஆக வேண்டும்.

லினக்ஸுக்கே உரிய பொறிகளும் உண்டு. ஃபைண்டு-மல்டிபாத்ஸ் அமைப்பு ‘யெஸ்’ என்றிருந்தால், முதன்முறை ஒரே பாதையோடு தென்படும் வட்டை மல்டிபாத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதில்லை. பிறகு இரண்டாம் பாதை வரும்போது, வட்டுகளைப் பகுத்து நிர்வகிக்கும் எல்விஎம் முதல் பாதையை நேரடியாகப் பிடித்துவைத்திருக்கும். இரட்டை வட்டு என்ற செய்தி பதிவேட்டில் விழும். ரூட் வட்டே ஸ்டோரேஜில் இருந்தால், மல்டிபாத் அமைப்புக் கோப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும், இயங்குதளம் தொடங்கும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதிதாகக் கட்ட வேண்டும். எல்லாப் பாதைகளும் போனால் என்ன செய்வது என்பதை நோ-பாத்-ரீட்ரை முடிவு செய்கிறது. ‘கியூ’ என்று வைத்தால் எழுத்துப் பணிகள் பாதை திரும்பும்வரை காத்துக் கிடக்கும், நிரல்களைக் கொல்லவும் முடியாது. கிளஸ்டரில் உள்ள சர்வருக்கு இது ஆகாது. அங்கே உடனே தோல்வி சொன்னால்தான் அடுத்த சர்வர் வேலையை எடுத்துக்கொள்ளும்.

எல்லாம் சரிசெய்த பின், அறிவித்த நேரத்தில் ஒரு ஸ்விட்ச் போர்ட்டை வேண்டுமென்றே அணைத்து, எழுதும் பணி தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். மல்டிபாத்-டி பாதைகளை 5 நொடி இடைவெளியில் சோதிக்கத் தொடங்கி, நன்றாக இருக்கும் பாதைகளுக்கு அதை 20 நொடி வரை நீட்டும். எனவே போர்ட்டைத் திரும்பத் திறந்ததும் சற்றுப் பொறுக்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் எச்சரிக்கையை மூடுவது சரியல்ல.

பாதைகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் போதாது என்பதை இந்தியாவே கண்டது. 2021 பிப்ரவரி 24 அன்று மும்பையில் தேசியப் பங்குச் சந்தையின் வணிகம் காலை 11.40-க்கு நின்றது, பிற்பகல் 3.45-க்கு மீண்டும் தொடங்கி 5 மணி வரை நடந்தது. முதன்மைத் தளத்துக்கும் அருகிலுள்ள மாற்றுத் தளத்துக்கும் இடையே இரண்டு நிறுவனங்களின் தொலைத்தொடர்பு இணைப்புகள் இருந்தன. இரண்டும் தடுமாறின. அதனால் ஸ்டோரேஜ் வலையமைப்பு பாதிக்கப்பட்டு, இடர் மேலாண்மை அமைப்பு செயலிழந்தது. அந்த இணைப்புகளின் வழியில் நடந்த தோண்டுதலும் கட்டுமானப் பணியும் காரணம் என்று சந்தை பின்னர் விளக்கியது. சென்னையில் இருந்த தொலைதூர மாற்றுத் தளத்துக்கு வணிகம் மாற்றப்படவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி புதிய நடைமுறை வகுத்தது: கோளாறு ஏற்பட்ட 30 நிமிடத்துக்குள் பேரிடர் என அறிவித்து, அதிலிருந்து 45 நிமிடத்துக்குள் இயக்கத்தை மீட்க வேண்டும்.

கோவையில் இதை நினைத்துப் பார்க்க எல்லாக் காரணமும் உண்டு. கல்லூரிகளும் மருத்துவமனைகளும் வரிசையாக நிற்கும் அவிநாசி சாலையில் 10.1 கி.மீ. மேம்பாலப் பணி பல ஆண்டுகள் நடந்து 2025 அக்டோபரில்தான் முடிந்தது. குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் நகரத் தெருக்கள் தோண்டப்படுகின்றன. இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஸ்டோரேஜை நகலெடுக்கும் நிறுவனம், இரண்டு சேவை நிறுவனங்களின் ஒளியிழைகளும் ஒரே பள்ளத்தில் போகின்றனவா, கட்டடத்துக்குள் ஒரே குழாய் வழியாக நுழைகின்றனவா என்று எழுத்தில் கேட்டு, வழித்தட வரைபடத்தை வாங்கிவைக்க வேண்டும். அந்தத் தகவல் எந்தக் கட்டளைக்கும் கிடைக்காது; நான்கு பாதைகளையும் ‘ஆக்டிவ்’ என்றே மல்டிபாத் காட்டும்.