நானும் ஒரு ரூல்ஸ் ராமானுஜம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்ட பதிவு இது. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கறது ஒரு காரணம். எழுதினா என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிடும்ங்கறதுதான் நிஜக் காரணம். இன்னிக்கு ஏத்திடறேன். நடுநடுவுல கொஞ்சம் வரலாறும் வரும், பொறுத்துக்கங்க.

ஆன்சைட்னு மினியாபோலிஸ் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஆறு மாசம் பனி கொட்டற ஊர்ல சனிக்கிழமை சாயங்காலம் என்ன பண்றது? டங்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடற ஒரு குழுவுல போய் சேந்துட்டேன். தெரியாதவங்களுக்காக சுருக்கமா: அஞ்சாறு பேர் மேஜையைச் சுத்தி உக்காருவோம். ஆளுக்கொரு கேரக்டர். ஒருத்தர் மட்டும் கேம் மாஸ்டர். "முன்னாடி ஒரு பாழடைஞ்ச கோட்டை இருக்கு, என்ன பண்றீங்க?"ன்னு அவர் கேப்பார். நாம சொல்லணும். நடக்குமா நடக்காதாங்கற சந்தேகம் வந்தா இருபது முகம் இருக்கற பகடையை உருட்டணும். தாயம் மாதிரி பழம் எடுத்து ஜெயிக்கறதெல்லாம் கிடையாது. எல்லாரும் சேந்து ஒரு கதை விடறோம், அவ்வளவுதான்.

இதோட கொள்ளுத்தாத்தா பிரஷ்யா ராணுவத்துல இருக்கார். 1824ல ரைஸ்விட்ஸ்னு ஒரு இளம் பீரங்கிப்படை அதிகாரி, தன்னோட அப்பா ஆரம்பிச்சு வெச்ச ஒரு போர் விளையாட்டை முறைப்படுத்தி வெளியிட்டார். பேரு கிரீக்ஸ்ஷ்பீல், அப்படின்னா போர் விளையாட்டு. வரைபடம், பகடை, நடுவில ஒரு நடுவர். ரெண்டு பக்கத்து அதிகாரிகளும் தங்களோட உத்தரவை நடுவர்கிட்ட குடுப்பாங்க. எதிரியோட படை கண்ணுக்குத் தெரியற தூரத்துல வந்தா மட்டும் நடுவர் அதை வரைபடத்துல வெப்பார். நல்ல யோசனை. ஆனா எல்லாத்துக்கும் அட்டவணை, எல்லாத்துக்கும் கணக்கு. நிஜத்துல அஞ்சு நிமிஷத்துல முடியற சண்டையைத் தீர்மானிக்க அதைவிட ரொம்ப நேரம் ஆகும்.

1876ல வெர்டி டு வெர்னுவாங்கற இன்னொரு பிரஷ்ய அதிகாரி, பேசாம அட்டவணையைத் தூக்கிப் போடுங்க, அனுபவமுள்ள நடுவர் சொல்றதுதான் முடிவுன்னு ஒரு முறையைக் கொண்டுவந்தார். அதுக்கு சுதந்திர கிரீக்ஸ்ஷ்பீல்னு பேர். பழசு கறார் கிரீக்ஸ்ஷ்பீல் ஆயிடுச்சு. விதி பெருசா, ஆள் பெருசாங்கற பஞ்சாயத்து அப்பவே ஆரம்பிச்சாச்சு.

இப்ப நான் உக்காந்திருக்கற ஊருக்கே வருவோம். 1960கள்ல இந்த இரட்டை நகரத்துல டேவிட் வெஸ்லின்னு ஒருத்தர் நண்பர்களோட போர் விளையாட்டு ஆடிட்டிருந்தார். மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்துல அவர் கைக்கு 1880ல வந்த ஒரு பழைய புஸ்தகம் கிடைச்சது. சார்ல்ஸ் டாட்டன்ங்கற அமெரிக்க ராணுவ அதிகாரி எழுதின ஸ்ட்ராடகோஸ். ஆடறவன் எதை வேணாலும் முயற்சி பண்ணலாம், முடியுமா முடியாதான்னு நடுவர் சொல்லட்டும்ங்கற எண்ணத்தை வெஸ்லி அதுலேர்ந்து எடுத்துக்கிட்டார்.

1969ல பிரௌன்ஸ்டைன்ங்கற கற்பனை ஊரை வெச்சு ஒரு ஆட்டம் நடத்தினார். எதிர்பார்த்ததைவிட நிறைய பேர் வந்துட்டாங்க. படைத்தளபதி வேஷம் ரெண்டே ரெண்டு பேருக்குத்தான். மத்தவங்களை சும்மா உக்கார வெக்க முடியாதேன்னு ஒருத்தரை மேயர் ஆக்கினார், ஒருத்தருக்கு வங்கிக்காரர் வேஷம் குடுத்தார். சண்டை ஆரம்பிக்கறதுக்குள்ள ஆளாளுக்கு தனியா ரகசியம் பேச ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு பேர் ஒத்தைக்கு ஒத்தை சண்டைக்கே தயாராயிட்டாங்க. அதுக்கு விதியே கிடையாது. வெஸ்லி அந்த நிமிஷம் யோசிச்சு ஏதோ சமாளிச்சார். ஆட்டம் ஊத்திக்கிச்சுன்னு நினைச்சு வருத்தத்தோட வீட்டுக்குப் போனார். ஆடினவங்களோ அடுத்தது எப்பன்னு கேட்டாங்க.

அந்தக் கும்பல்ல ஒருத்தர்தான் டேவ் ஆர்னசன். அவர் 1971 வாக்குல பிளாக்மூர்ங்கற மாயாஜால உலகத்தை வெச்சு இதே மாதிரி ஆட்டம் நடத்தினார். விஸ்கான்சின்ல லேக் ஜெனீவாங்கற சின்ன ஊர்ல இருந்த கேரி கைகாக்ஸ் அதைப் பார்த்தார். ரெண்டு பேரும் சேந்து 1974ல டங்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டாங்க. ஒரு பெட்டிக்குள்ள மூணு சின்ன புஸ்தகம், 10 டாலர். முதல் பதிப்பு 1000 பிரதி. விதிகள்ல ஓட்டை ஏகப்பட்டது. நீங்களே நிரப்பிக்கங்கன்னு விட்டுட்டாங்க. ஓட்டை இருந்தா வக்கீல் வருவான் இல்லையா? வந்தான். ரூல்ஸ் லாயர்னு ஒரு ஜாதியே உருவாச்சு. 1977லேர்ந்து 1979க்குள்ள கைகாக்ஸ் அட்வான்ஸ்ட் பதிப்புன்னு மூணு தடிப் புஸ்தகம் போட்டார். எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி ஆடணும்ங்கறது அவரோட நோக்கங்கள்ல ஒண்ணு. சுதந்திரத்துலேர்ந்து திரும்ப கறாருக்கு! இதனால வக்கீல்கள் குறைஞ்சாங்களா? மேற்கோள் காட்ட இன்னும் நிறைய பக்கம் கிடைச்சது, அவ்வளவுதான் :)

1980ல கிளென் பிளேகோ ஒரு பத்திரிகைல ஆட்டக்காரர்களை நாலா பிரிச்சு கட்டுரை எழுதினார். நடிக்க வர்றவங்க, கதைக்காக வர்றவங்க, பலம் சேர்க்க வர்றவங்க, வியூகம் வகுக்க வர்றவங்க. 2002ல ராபின் லாஸ் கேம் மாஸ்டர்களுக்குன்னு எழுதின புஸ்தகத்துல இந்தப் பட்டியல் ஏழு ஆச்சு. இதைப் படிச்சதும் நான் என்ன பண்ணேன் தெரியுமா? எங்க மேஜைல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் ஒரு முத்திரை குத்தினேன். இவன் பலம் சேர்க்கறவன், அவன் சும்மா டைம்பாஸ். எனக்கு? கதைசொல்லி! பின்ன, நாமதான் வலைப்பதிவு எல்லாம் எழுதறோமே.

இப்படிப்பட்ட பட்டியல்ல இருக்கற ஒரே வில்லங்கம் இதுதான். ஜன்னல் மாதிரி அதுவழியா அடுத்தவனைத்தான் பாக்கத் தோணும். கண்ணாடியா பாக்கணும்னு யாருக்கும் தோணாது.

கண்ணாடி எனக்கு வேற வழியில வந்தது. போன மார்கழி வாக்குல எங்க குழுவுல ஒரு பெண் புதுசா சேந்தாங்க. இந்த ஆட்டமே அவங்களுக்குப் புதுசு. நாலு வாரம் வந்தாங்க, அப்புறம் வரலை. ஆர்வம் இல்லை போலன்னு நானே தீர்ப்பு எழுதிட்டேன். அந்த நாலாவது வாரம் இன்னொரு நண்பர் ஊர்ல இல்லாததால, அவருக்காக ஆட்டத்தை போன்ல பதிவு பண்ணியிருந்தோம். ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கிட்டே சும்மா அதைப் போட்டுக் கேட்டேன்.

முதல் பத்து நிமிஷம் ஒரே சிரிப்பு. அப்புறம் ஒரு குரல் எரிச்சல் படுத்த ஆரம்பிச்சது. "ஆனா விதிப்படி..." "இல்லல்ல, அந்தப் பக்கத்துல தெளிவா போட்டிருக்கு..." யாருடா இவன்னு பாத்தா, நான்தான். அந்நியன்ல அம்பியை ரூல்ஸ் ராமானுஜம்னு கிண்டல் பண்ணப்ப விழுந்து விழுந்து சிரிச்சவன் நான். எண்ணிப் பாத்தேன். மூணு மணி நேரத்துல "விதிப்படி" பத்தொன்பது தடவை.

அது கூட பரவாயில்லை. நடுவுல ஒரு இடம். கிராமத்துல ஒரு பழைய கிணறு இருக்குன்னு கேம் மாஸ்டர் சொல்றார். "நான் கிணத்துக்குள்ள எட்டிப் பாக்கறேன்"னு அந்தப் பெண் சொல்றாங்க. நான் குறுக்க புகுந்து, வெளிச்சம் எத்தனை அடிக்குத் தெரியும்னு விதி பேசறேன். ரெண்டாவது தடவை சொல்றாங்க. நான் இன்னும் பேசிட்டிருக்கேன். மூணாவது தடவை குரல் பாதியா இறங்கிப் போச்சு. அதுக்கப்புறம் அந்த ரெக்கார்டிங் முடியறவரை அவங்க குரலே இல்லை.

தண்ணிக் குழாயை மூடிட்டு அப்படியே நின்னேன்.

அடுத்த சனிக்கிழமை கேம் மாஸ்டர்கிட்ட இதைச் சொன்னேன். "என் கேரக்டர் அப்படி சார், எல்லாத்தையும் சரிபாக்கற மந்திரவாதி"ன்னு வேற சமாளிச்சு வெச்சேன். 1975ல கிரேஹாக் புஸ்தகத்துல திருடன் வேஷம் வந்ததுலேர்ந்து, கூட வர்றவன் பையிலேயே கைவெச்சுட்டு "என் கேரக்டர் அப்படித்தான்"னு சொல்றவன் எல்லா மேஜைலயும் உண்டு. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தக் கேரக்டரை உருவாக்கினது யாரு?"

பதில் இல்லை.

வெஸ்லி பண்ணது என்னன்னு அப்பதான் உறைச்சது. அவரோட ஆட்டம் வரலாறு ஆனதுக்குக் காரணம் விதி இல்லை. வந்தவங்க யாரையும் சும்மா உக்கார வெக்கக்கூடாதுன்னு ஒரு மேயரையும் ஒரு வங்கிக்காரரையும் கண்டுபிடிச்சார். நான் அதே ஊர்ல, அம்பது வருஷத்துக்கு மேல ஆனப்புறம், வந்த ஒருத்தரை சும்மா உக்கார வெச்சு அனுப்பியிருக்கேன்.

இப்ப மூணு பழக்கம் வெச்சிருக்கேன். ஆட்டம் நடக்கறப்ப புஸ்தகம் பைக்குள்ள, சந்தேகம் எல்லாம் ஆட்டம் முடிஞ்சு. நான் ஒரு தடவை பேசினா அடுத்து இன்னொருத்தர்கிட்ட "நீங்க என்ன பண்றீங்க?"ன்னு கேக்கணும். மாசம் ஒரு தடவை ரெக்கார்டிங் கேக்கணும். போன வாரம் "விதிப்படி" நாலு. கோட் ரிவ்யூலயும் என் கமெண்ட் குறைஞ்சிருக்காம், டேமேஜர் உடம்பு சரியில்லையான்னு கேட்டார்.

அந்தப் பெண்ணுக்கு மன்னிப்பு கேட்டு மெயில் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்தது. வேற ஒரு மேஜைல ஆடறாங்களாம், நல்லா போகுதாம். கடைசியில ஒரு வரி: கிணத்துக்குள்ள என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சா சொல்லுங்க.

கேம் மாஸ்டர்கிட்ட கேட்டேன். சொல்லமாட்டேன்னுட்டார். எட்டிப் பாத்தது நீ இல்லையேன்னார்.

நியாயம்தானே?